இருபது அடி ரகசியம்

என் தம்பிக்குக் கம்பத்தில் ஃப்ளெக்ஸ் கடை. எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் ஒரு மனிதன் பிறப்பதுமில்லை, போய்ச் சேர்வதுமில்லை. நடுவில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று எல்லாவற்றுக்கும் உண்டு. அடிதடி வழக்கில் ஜாமீனில் வந்த ஒருவருக்குப் பூங்கொத்துப் படத்தோடு "வருக! வருக!" அடித்துக் கொடுத்ததும் என் தம்பிதான். "அவுக நல்லது செஞ்சாகளா கெட்டது செஞ்சாகளான்னு நான் பாக்க மாட்டேன்க்கா. போட்டோ தெளிவா இருக்கான்னு மட்டுந்தான் பாப்பேன்" என்பான். தொழில் தர்மம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறான்.

இப்படிப்பட்ட குடும்பத்தை நம்பித்தான் மத்திய அரசு ஒரு ரகசியத்தை ஒப்படைத்தது.

என் கணவர் அப்போது ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே ஒரு சப்ளை டிப்போவில் ஸ்டோர் கீப்பர். துப்பாக்கியைவிடத் தராசோடுதான் அவருக்குப் பழக்கம் அதிகம். மலை மேல் பனிக்குள் காவல் நிற்கிறவர்களுக்குப் போகும் அரிசி, பருப்பு, பால் பவுடர், டப்பாவில் அடைத்த பழம், இறைச்சி எல்லாம் இவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரி ஏறும். லேபிள் படிப்பது முதலில் அவருக்கு வேலையாக இருந்தது, போகப் போக வியாதியாகிவிட்டது. லீவில் வந்தால் உத்தமபாளையம் கடைகளில் அவரோடு போகவே எனக்குப் பயம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன மாசமே முடிஞ்சுபோச்சே" என்று கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்வார். அந்தக் கடையில் எனக்குக் கொஞ்ச நாள் கடனுக்கு மட்டுமில்லை, காசுக்கே சாமான் கிடைக்காது.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. நாயப் சுபேதார் ஆகிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு படி. உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் கோட்டை மதில். ஹவில்தாராகவே காலம் முடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். நாயப் சுபேதார் ஆனால் இன்னும் சில வருடம் வேலை, தோளில் ஒரு நட்சத்திரம், பெயருக்குப் பின்னால் ஒரு 'சாப்'. அடுத்த பட்டியலில் அவருக்கு இடம் உண்டு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் லீவில் வந்தபோது பீரோவிலிருந்து நல்ல சட்டைகளை எடுத்துத் தோள்பட்டையைத் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டப்பா வந்து சேர்ந்தது.

ஒரு சாயங்காலம் போனில் அவர் குரலே சரியில்லை. "ஒரு டப்பாவுல லேபிளு ஓரம் தூக்கிட்டு நின்னுச்சு புள்ள. நகத்தால கிள்ளுனேன். அடியில இன்னொரு லேபிளு. அதுல இருக்க தேதி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"ஒரு டப்பாதான?"

"அந்த லோடு பூராவும். மேல புதுசு, அடியில பழசு."

அவரே தொடர்ந்தார். "மேல ஒரு போஸ்டுல இருந்து பயலுகள வயிறு வாந்தின்னு தூக்கிட்டு வந்தாகன்னு சொன்னேன்ல. அதுக்கு முந்தின லோடும் இதே கான்ட்ராக்டருதான். நான் கையெழுத்துப் போட்டு அனுப்புனது."

எனக்கு அந்த நேரத்தில் வாந்தி எடுத்தவர்களைவிட அந்தக் கையெழுத்துதான் பெரிய கவலையாக இருந்தது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் யார் பெயரைத் தேடுவார்கள்? சப்ளை செய்தவர் பெயரையா? அவர் பெரிய கான்ட்ராக்டர். டிப்போவில் எந்த விழா நடந்தாலும் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்களாம்.

இவர் முறைப்படி மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். தரச் சோதனை முடிந்து, சான்றிதழோடு வந்த சரக்கு, இதில் நீ சோதிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்டாராம். அதற்கு மேலே இருந்தவரிடம் போனார். அவர் இன்னும் அன்பானவர். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, "பட்டியல் வருகிற நேரத்தில் உனக்கு எதற்கு இது?" என்று ஆதரவாகக் கேட்டிருக்கிறார். டிப்போவில் லேபிள் கதை எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருப்பதில் தப்பில்லை, வாயால் சொல்வதுதான் தப்பு என்று அங்கே ஒரு ஒழுங்கு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் அதே ஒழுங்குதான் என்பதால் எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

நான் உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருக்கிறேன். காமயகவுண்டன்பட்டியில் வீடு, தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவேன். வரப்புத் தகராறு, கிணற்றில் பங்கு, பாகப்பிரிவினை, இவைதான் எங்கள் அலுவலகத்தின் சாப்பாடு. ராணுவ வழக்கு ஒன்றுகூட வந்ததில்லை. அடுத்த லீவில் இவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வக்கீல் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"தம்பி, உங்க மாதிரி ஆளுகளைக் காப்பாத்துறதுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு" என்றார். எங்கள் இருவர் முகத்திலும் வெளிச்சம் வந்திருக்க வேண்டும். அவர் அவசரமாகக் கையை உயர்த்தினார். "பொறுங்க. பார்லிமென்ட்ல நிறைவேறியாச்சு. ஜனாதிபதி கையெழுத்தும் ஆச்சு. அமலுக்கு வரலை."

"எப்ப சார் வரும்?"

"பத்திரிகை அடிச்சாச்சும்மா. முகூர்த்தந்தான் குறிக்கலை. வருஷக் கணக்கா மாப்பிள்ளை மணவறையில உக்காந்துருக்காரு."

பிறகு ராணுவச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். அதில் குறையிருந்தால் மேலே மேலே முறையிட ஒரு பிரிவு இருக்கிறது. பொய்யாகக் குற்றம் சாட்டினால் தண்டிக்க இன்னொரு பிரிவும் இருக்கிறது. முறையிட்டது உண்மையா பொய்யா என்று முடிவு செய்வது யார் என்று நான் கேட்டேன். "அவங்கதான்" என்றார். அமெரிக்காவில் ஒரு சிப்பாய் கான்ட்ராக்டர் திருட்டைச் சொன்னால், அவனைப் பழிவாங்குகிறவர்களை விசாரிக்கவே தனி அதிகாரி உண்டு என்று போனில் தேடிப் படித்துக் காட்டினார். அதற்கு நாங்கள் குமுளி மலையைத் தாண்டி இன்னும் ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கும் என்பதால், அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

"ஒரு வழி இருக்கு" என்றார் கடைசியில். சட்டம் வரும்வரைக்கும் அரசாங்கம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. தில்லியில் உள்ள ஒரு அலுவலகத்துக்கு மூடிய உறையில் புகார் அனுப்பலாம். பெயர் போடாமல் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போட்ட பெயரை யாருக்கும் காட்டவும் மாட்டார்கள். உறையின் மேல் அனுப்புகிறவர் பெயர் தெரியக் கூடாது. அவர்கள் ரகசியம் காப்பார்கள், நாமும் காக்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

"நம்ம பக்கம் கஷ்டம் ஒண்ணும் இல்லையே?" என்றார் வக்கீல்.

"இல்ல சார்" என்றோம் இரண்டு பேரும்.

நானே டைப் அடித்தேன். இவர் தேதி, லோடு, டப்பாவின் வகை எல்லாம் ஒப்பிக்க ஒப்பிக்க அடித்தேன். வாந்தி எடுத்து இறங்கி வந்தவர்களைப் பற்றிய பத்தி வந்தபோது அவர் நிறுத்தினார். "அதுல 'நான் கையெழுத்திட்டு அனுப்பிய' அப்படின்னு சேத்துக்க" என்றார். வேண்டாம் என்றேன். எதிராளிக்கு நாமே கயிறு எடுத்துக் கொடுப்பானேன்? கேட்கவில்லை. அடித்தேன். கோபத்தில் அந்த வரியில் மட்டும் விசைகளைக் கொஞ்சம் ஓங்கிக் குத்தியிருப்பேன்.

தில்லியிலிருந்து பதில் வந்தது. புகார் எடுத்துக்கொள்ளப்பட்டது, உங்கள் அடையாளம் ரகசியமாகக் காக்கப்படும், நீங்களும் வெளியிடலாகாது என்று. நான் என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இது ஒரு சாதனை. டிப்போவுக்கு வெளியிலிருந்து அதிகாரிகள் வந்து டப்பாக்களை எடுத்துப் போனார்கள். யார் புகார் செய்தது என்று அங்கே ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். இவர் பெயரையும் சொன்னார்கள், ஆனால் நாலு பெயரில் ஒன்றாக. அந்த நாலு பேர்தான் இவருக்குப் பாதுகாப்பு. சட்டம் இல்லாவிட்டாலும் ஏற்பாடு வேலை செய்தது. இதை நான் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோடையில் எங்கள் மகளுக்குக் காதணி விழா வைத்தோம்.

காதுகுத்து என்றால் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் திருவிழா. குழந்தை யாருடையது என்பதெல்லாம் அன்றைக்குச் சின்ன விஷயம். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் சீர் மேளதாளத்தோடு வரும், தட்டு வரிசை தெருவை அடைக்கும், அப்பனும் ஆத்தாளும் ஓரமாக நின்று வந்தவர்களைக் கும்பிட வேண்டும். அன்றைக்கு மாமன் வைத்ததுதான் சட்டம். அது அமலுக்கும் வந்துவிட்டது, எப்போதோ.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இவர் லீவில் வந்தார். தூக்கமில்லாத முகம். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே இவரும் என் தம்பியும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "என்னா மச்சான், மூஞ்சி வாடிப்போய் இருக்கு? எங்க அக்கா எதும் சொல்லுச்சா?" என்று தம்பி கிண்டியிருக்கிறான். இவர் சொல்லிவிட்டார். முழுக்கச் சொல்லிவிட்டார். மச்சினனிடம் மனசைத் திறக்காதவனை எங்கள் பக்கத்தில் மனிதனாகவே சேர்ப்பதில்லை. "யாருட்டயும் மூச்சு விடாத மாப்ள. வெளிய தெரிஞ்சா என் சோலி முடிஞ்சுரும்" என்று சொல்லியிருக்கிறார். தம்பி அங்கிருந்த திராட்சைக் கொடியைப் பிடித்துச் சத்தியம் செய்தானாம். கண்ணெல்லாம் கலங்கிவிட்டதாம் அவனுக்கு.

விழா அன்று காலையில் மண்டபத்துக்குப் போய் இறங்கினோம். வாசலில் இருபது அடி நீளத்துக்கு ஃப்ளெக்ஸ்.

இடது ஓரத்தில் காது குத்தப் போகும் என் மகள், தபால்தலை அளவில். வலது ஓரத்தில் கும்பிட்டபடி தாய்மாமன், ஆள் உயரத்தில். நடுவில் என் கணவர், சீருடையில். பின்னால் ஒரு போர் விமானம் பறந்தது, ஒரு டாங்கி நின்றது, ஒரு சிங்கம் கர்ஜித்தது. வாழ்நாளில் பருப்பு மூட்டையோடு மட்டுமே போராடிய மனிதர் கையில் ஒரு இயந்திரத் துப்பாக்கியைச் சேர்த்திருந்தான். மேலே கொட்டை எழுத்தில்: "ராணுவ டிப்போவில் டப்பா ஊழலைத் தோலுரித்த எங்கள் குலச் சிங்கமே! உன் பெயரைச் சொன்னாலே கான்ட்ராக்டர் நடுங்குவான்!"

அவர் பெயரும் இருந்தது. எழுத்துப் பிழை இல்லாமல், முழுப் பெயர்.

நான் தம்பியின் சட்டையைப் பிடித்தேன். "ஏலே, சத்தியம் பண்ணுனியேடா!"

அவன் உண்மையிலேயே திகைத்துப் போனான். "நான் யாருட்டயாவது ஒரு வார்த்தை சொன்னனாக்கா? நம்ம அம்மாட்டகூடச் சொல்லலை. அடிச்சேன், அம்புட்டுத்தான்."

அவனைப் பொறுத்தவரை சொல்வது வேறு, அடிப்பது வேறு. வாய் வழியாகப் போனால்தான் ரகசியம் வெளியே போனதாகக் கணக்கு. மச்சான் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார், அவர் வீட்டு விசேஷத்தில் மாமன் அதை மறைத்தால் ஊர் என்ன சொல்லும்? மறைக்கச் சொன்னது அவருடைய தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் "எனக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் வேணாம்ப்பா" என்று முதலில் சொல்வார்கள். சொன்னபடி செய்துவிட்டால் அடுத்த விசேஷத்துக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். தம்பிக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

உடனே கழற்றினோம். ஆனால் அதற்குள் மேளக்காரர்கள்கூட அதன் முன்னால் நின்று படம் எடுத்திருந்தார்கள். தம்பி தன் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முதல் நாளே வைத்திருந்தான், விளம்பரத்துக்காக. மாவட்டத்து ராணுவக்காரர்கள் குரூப் ஒன்று இருக்கிறது. அதில் போய் விழுந்து, அங்கிருந்து வடக்கே ஏறிவிட்டது. எங்கள் மகளின் இரண்டாவது காதைக் குத்துவதற்குள் டிப்போவிலிருந்து ஒரு கிளார்க் இவரைக் கூப்பிட்டுவிட்டார். "சாப், சிங்கம் ரொம்ப நல்லா இருக்கு" என்றாராம் இந்தியில்.

அன்று முழுக்க இவர் பந்தியில் நின்று எல்லாரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். கறி போதுமா, ரசம் வேணுமா என்று கேட்டார். நான் சமையல் கட்டில் நின்று அழுதேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் அழுததால் யாரும் காரணம் கேட்கவில்லை.

டிப்போவில் விசாரணை தொடங்கியது. டப்பாவைப் பற்றி இல்லை. ஃப்ளெக்ஸைப் பற்றி.

சீருடையில் இருக்கும் படத்தை அனுமதியில்லாமல் தனியார் விளம்பரத்தில் போட்டது எப்படி? அந்தப் படத்தை யார் கொடுத்தது? போர் விமானத்தின் படம் எங்கிருந்து கிடைத்தது? கடைசிக் கேள்விக்குத் தம்பியிடம் கேட்டு எழுதச் சொன்னார்கள். "கூகுள்ல இருந்துதான். சிங்கமும் அங்கனதான் எடுத்தேன்" என்றான். புகார் செய்ததற்காக யாரும் இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் எல்லாரும் ரொம்ப கவனமாக இருந்தார்கள். புகார் செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே!

தப்பிக்க ஒரு வழி இருந்தது. "இது எனக்குத் தெரியாமல் என் மனைவியின் தம்பி செய்தது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அது உண்மையும்கூட. வக்கீலும் அதைத்தான் சொன்னார். நான் போனில் கெஞ்சினேன்.

"எழுத மாட்டேன்" என்றார்.

"ஏங்க? அதுதான நடந்துச்சு?"

"இங்கேரு. என் வீட்டு விசேஷம், என் வாசல்ல நின்ன ஃப்ளெக்ஸு. மாமன் செஞ்சதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு எழுதி ஆபீசுல குடுத்தா, அது அவன் காதுக்கு வராமப் போகுமா? நாளைக்கு என் புள்ளைக்குச் சடங்குன்னு வந்தா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனைக் கூப்புடுவேன்?"

"உங்க நட்சத்திரம் போயிரும்ங்க."

"மடியில உக்கார வைக்க மாமன் வேணும்ல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஊழல் செய்தவனைக் காட்டிக்கொடுக்கத் துணிந்த மனிதர், தன் கழுத்துக்குக் கத்தி வந்தபோது மச்சினனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறார். இரண்டும் ஒரே குணம்தான் என்று வக்கீல் சொன்னார். ஒரே குணமோ என்னவோ, அதைக் கட்டிக்கொண்டு குடித்தனம் செய்கிறவள் நான்.

சர்வீஸ் பதிவில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது. ராணுவத்தில் அதற்குச் சிவப்பு மை என்றே பெயர். சின்னத் தண்டனைதான், ஆனால் பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கு அந்த நிறம் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும்.

வக்கீல் சும்மா இருக்கவில்லை. வரப்புத் தகராறுகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தில்லி அலுவலகத்துக்கு எழுதினார். புகார் செய்ததற்காகப் பழிவாங்குகிறார்கள், பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார். இரண்டு விஷயம் சொல்லிப் பதில் வந்தது. ஒன்று, அடையாளம் எங்கள் தரப்பிலிருந்தே வெளியானதால் ரகசியம் காக்கும் பொறுப்பு இனி அவர்களுக்கு இல்லை. இரண்டு, தண்டனை கொடுத்தது விளம்பரப் பலகைக்காக, புகாருக்காக இல்லை. ஆகவே அது பழிவாங்கல் ஆகாது. படித்துவிட்டு வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்புச் சொல்ல முடியாதும்மா. ரொம்பச் சுத்தமா செஞ்சுருக்காங்க. நானா இருந்தாலும் இப்படித்தான் ட்ராஃப்ட் பண்ணிருப்பேன்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றார். போனோம். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அமலுக்கு வராத சட்டத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டியல் வந்தது. இவர் பெயர் இல்லை. அந்த நாலு பெயர்களில் மற்ற மூன்று பேரில் ஒருவர் பெயர் இருந்தது. "நல்ல மனுசன், அவனுக்கு வர வேண்டியதுதான்" என்று இவர் போனில் சொன்னார். நான் அவரை நம்பவில்லை. ஆனால் அவர் அப்படித்தான் நினைத்தார், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

டப்பா என்ன ஆனது என்று கேட்பீர்கள். பழைய லேபிள் சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்டரின் கம்பெனியை நிறுத்திவைத்தார்கள். கொஞ்ச நாளில் புதிய பெயரில் ஒரு கம்பெனி வந்தது. லாரி அதே லாரி, டிரைவர் அதே டிரைவர், இறங்கும்போது இவருக்குச் சலாம்கூட வைத்தாராம். கம்பெனிக்கே மேலே புது லேபிள் ஒட்டிவிட்டார்கள். ஆனால் டப்பா மட்டும் நல்ல டப்பா. இவர் ஒவ்வொரு லோடிலும் நகத்தால் கிள்ளிப் பார்த்திருக்கிறார், அடியில் எதுவும் இல்லை. "அந்தக் குளிருக்கு மேல இருந்த பயலுக ஒருத்தன்கூட வயித்து வலின்னு எறங்கலை" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு எரிச்சலாக வந்தது. முகம் தெரியாத யாரோ வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். சரி, நல்லதுதான். அதற்கு விலை கொடுத்தது என் வீடு. நல்லது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

போன வருடம் அவர் காலம் முடிந்து வந்தார், ஹவில்தாராகவே.

தேனி வரை நான் போய் அழைத்து, கம்பம் பஸ் மாறி, ஊர் வந்து சேர்ந்தோம். தெருமுனையில் கூட்டம். மேளம். என் தம்பி இவ்வளவு நடந்த பிறகும் திருந்தவில்லை. வீட்டு வாசலில் இருபது அடி ஃப்ளெக்ஸ்.

இந்த முறை விமானம் இல்லை, சிங்கம் இல்லை. சீருடைப் படமும் இல்லை, வெள்ளைச் சட்டையில்தான் இருந்தார். அவ்வளவு தூரம் பாடம் படித்திருக்கிறான். "தாய்நாட்டுக்குப் பணியாற்றி ஓய்வு பெற்று வரும் எங்கள் மச்சான், சுபேதார்" என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே பெயர்.

இவர் வாசலில் நின்று படித்தார். பிஸ்கட் பாக்கெட்டைப் படிப்பது போலவே, மேலிருந்து கீழ்வரை.

"மாப்ள. நாயப்கூட இல்லாம, நேரா அதுக்கும் மேல சுபேதாரா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு நீங்க சுபேதாருதான் மச்சான். என்னாலதான கெட்டுச்சு. அவுக குடுக்கலைன்னா என்னா, நான் குடுக்குறேன்." சொல்லும்போதே அழுதுவிட்டான். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அவனை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்டவில்லை.

"மாத்திரு" என்றார் இவர், மெதுவாக.

"இந்தா மச்சான், இப்பவே." தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வண்டியை விட்டான். திரும்பி வந்தபோது கையில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். 'ஹவில்தார்' என்று அதே எழுத்தில், அதே நிறத்தில் அடித்திருந்தான். "மேல ஒட்டிருவோம் மச்சான். ஒட்டுனதே தெரியாது. அடியில இருக்கது ஒரு பயலுக்கும் தெரியாது."

இவர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏ புள்ள, பிளேடு குடு" என்றார்.

ஏணியில் ஏறி, 'சுபேதார்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நாலு பக்கமும் நேராக வெட்டி எடுத்தார். ஸ்டிக்கரை ஒட்டவில்லை. தன் பதவி இருந்த இடத்தில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டு இறங்கினார். மேளம் மறுபடி தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் மேலே பார்த்து, "என்னாப்பா, நடுவுல ஓட்டை?" என்று கேட்டார்கள்.

"காத்து போறதுக்கு. பெரிய ஃப்ளெக்ஸுன்னா ஓட்டை விடணும், இல்லைன்னா கிழிஞ்சுரும்" என்று தம்பி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னான். அது அவன் தொழிலில் உண்மையாகவே உள்ள பழக்கம் என்பதால் எல்லாரும் நம்பினார்கள்.

வெட்டி எடுத்த துண்டைப் பிளேடோடு சேர்த்து இவர் என் கையில்தான் கொடுத்தார். குப்பையில் போடச் சொன்னார். நான் போடவில்லை. திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குள் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் அந்தத் துண்டை எழுத்து உள்பக்கம் வருவது போல் மடித்து, கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். நல்ல கனமான ஃப்ளெக்ஸ். இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இத்தனைக்கும் பிறகு எங்கள் வீட்டில் பாதுகாப்பு என்று ஒன்று கிடைத்தது அந்த சுவிட்சுக்குத்தான்.